தமிழுக்கு மூன்று

செம்பனை லோரிகள் சேற்றை உதிர்த்துப் போகும்
லாபிஸ் கடைத்தெருவில்,
மூடிப்போன அடகுக்கடை இருந்த இடத்தில்
எங்கள் ரத்தச் சுத்திகரிப்பு நிலையம்.
எட்டு நாற்காலி. எட்டு இயந்திரம்.
ஒரு தொலைபேசி.

செப்புக் கம்பியை மூன்றாம் முறையும்
யாரோ வெட்டிக்கொண்டு போன வாரம்
பொருளாளர் ஞானப்பிரகாசம் சொன்னார்:
இனிமேல் கம்பியே வேண்டாம்மா,
இணையத்தில் பேசிக்கொள்வோம்.

கணக்குப் பிரிவு கழித்துப்போட்ட கணினியில்
திறந்தமூல மென்பொருளை ஏற்றினேன்.
அது காசு கேட்கவில்லை.
சட்டையைக் கழற்றி
எலும்பெலும்பாய்த் தன்னைக் காட்டியது.
எந்த அழைப்பு எந்த மேசைக்கு என்று
வரிவரியாய் நானே எழுதினேன்.
ஒரு காற்புள்ளி தவறி
ஒரு நாள் முழுக்க எல்லா அழைப்பும்
சமையலறையில் மணியடித்தது.

என் குரலையே பதிந்து வைத்தேன்:
மலாய்க்கு ஒன்று, சீனத்துக்கு இரண்டு,
தமிழுக்கு மூன்று.

வாசல்வரை நம் வீடு.
அதற்கப்பால் வாடகைச் சாலை.
யாரிடம் வாடகைக்கு எடுப்பது?

சிங்கப்பூர்க்காரர்கள் புது எண்தான் தருவார்களாம்.
பழைய எண் வேனின் முதுகில் இருக்கிறது,
ஐஸ்பெட்டிக் கதவுகளில் ஒட்டியிருக்கிறது,
காலமாகிப்போனவர்கள் வீட்டில்கூட
இன்னும் யாரும் கிழிக்கவில்லை.
வேண்டாம் என்றேன்.

சிகாமாட்டில் ஹாபிஸ் என்றொருவன்.
இரண்டு பேர் நடத்தும் கடை,
மாதம் எழுபத்திரண்டு வெள்ளி.
நள்ளிரவில் சோதித்தேன்:
வாயில் எதையோ மென்றுகொண்டே எடுத்தான்.

கோலாலம்பூர் நிறுவனம் முப்பது வெள்ளி.
பொருளாளர் விரல் அங்கேயே நின்றது.
சரி, ஒரு மாதம் பார்ப்போம்.

நன்றாகத்தான் இருந்தது.
கண்ணாடி துடைத்த மாதிரிக் குரல்.

செவ்வாய், விடியல் நாலு நாற்பது.
சவரிமுத்து கூப்பிட்டார்.
அவர் எந்த எண்ணையும் அழுத்துவதில்லை;
என் பதிவுக் குரலோடு பேசுவார்.
"தங்கச்சி, வேன் வருமா?"
அது பாட்டுக்கு மூன்று மூன்று என்று சொல்லிக்கொண்டிருக்கும்,
அப்புறம் அழைப்பு தாதி மேய் ஃபொங்கிடம் போகும்.

அவளுக்குத் தமிழ் தெரியாது.
பதினோரு வருடமாக அவள் கேட்பது
சொற்களுக்கு நடுவில் இருப்பதை.
நடுவில் ஈரமாய் இழுத்தால்
முதல் வேன் அவர் வீட்டுக்கு.

அன்று நடுவில் ஒன்றுமே இல்லை.
சொல், கூட்டிப் பெருக்கிய தரை, சொல்.
நன்றாக இருக்கிறார் என்று நினைத்தாள்.
வேன் வரிசைப்படி ஏழு மணிக்குப் போனபோது
உதடு நீலம்.

பிழைத்துக்கொண்டார். திட்டவும் செய்தார்.

பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.
பேச்சல்லாத எதையும் இரைச்சலென்று
வழியிலேயே கழித்துவிடுகிறது அந்த நிறுவனம்.
நிறுத்த முடியுமா என்று கேட்டால்
"அது எங்கள் சிறப்பு வசதி, மேடம்,
கூடுதல் கட்டணம் கிடையாது."

ஹாபிஸைக் கேட்டேன்: நீ வெட்டுவாயா?
"தா போத்தோங், காக்," என்றான்.
வெட்டமாட்டானாம்.
நம்பாமல், மழையில் கார் நிறுத்துமிடத்தை
இரண்டு சுற்று ஓடிவிட்டு
அவன் இணைப்பு வழியாக உள்ளே அழைத்தேன்.
ஒரு வார்த்தையும் பேசவில்லை.
மேய் ஃபொங் கேட்டாள்:
எதற்கு இப்படி ஓடினாய்?

ஒப்புதல் படிவத்தில்
'கூடுதல் செலவு: நாற்பத்திரண்டு வெள்ளி' என்று நிரப்பி
'காரணம்' என்ற கட்டத்தில்
மூச்சு என்று தட்டினேன்.
அழித்தேன்.
குரல் தரம் என்று எழுதினேன்.

ஞானப்பிரகாசம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
நெடுநேரம் பார்த்தார்.
"சேவை வரி சேர்த்தா, சேர்க்காமலா?"